வேல்ஸ் கிராமங்களிலும் கடலோரங்களிலும் வாழ்ந்தவர்கள்: மனத்தை விட்டு அகலாத ஒரு நிகழ்ச்சியை எழுதுங்கள்

மாடியறைவாசி

அபெரிஸ்ட்வித்திலிருந்து தெற்கே பேருந்தில் போனவர்களுக்கெல்லாம் லான்ரிஸ்டிட் அருகே சாலையோரம் நிற்கும் அந்த இடிந்த சுவர் தெரிந்திருக்கும் என்பதால் அதை விவரிக்கவில்லை. 2003இல் நான் அபெரிஸ்ட்வித்தில் மாணவன். அந்தச் சுவரில் ‘ட்ரவெரினை மறவாதீர்’ என்று எதற்காக எழுதியிருக்கிறார்கள் என ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது வீட்டுக்கார அம்மாவிடம் கேட்டேன். அவர் ட்ரவெரின் பள்ளத்தாக்கில் இருந்த கபெல் கெலின் என்னும் ஊரில் பிறந்தவர் என்பது எனக்கு அதுவரை தெரியாது. இங்கிலாந்திலுள்ள லிவர்பூலின் தண்ணீர்த் தேவைக்காக அங்கே அணை கட்ட 1957இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியதையும், வேல்ஸ் உறுப்பினர் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்காதபோதும் அது நிறைவேறியதையும், 1965இல் பள்ளி, அஞ்சலகம், சிற்றாலயம், இடுகாடு என ஊர் முழுவதும் ஏரிக்கடியில் போனதையும் நிதானமாகச் சொன்னார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், “இழப்பீடு கொடுத்திருப்பார்களே?” என்று கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. எழுந்துபோய்க் குழாயைத் திறந்து, ஒரு குவளையில் விளிம்புவரை தண்ணீர் பிடித்து, என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். 2005இல் லிவர்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கேட்ட செய்தி வந்த அன்று, அவர் கண்ணில் படாமல் நாளிதழை மடித்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. கோடையில் நீர் வற்றினால் ஆலயக் கூரை தெரியும் என்று உடன் படித்தவர்கள் சொல்வார்கள். அதைப் பார்க்கவும் நான் போகவில்லை.

மருத்துவர் மகள்

என் தந்தை தெற்கு வேல்ஸில் உள்ள கவர் தீபகற்பத்தின் வடகரையில், பென்கிளாவ்த் பக்கம் மருத்துவராக இருந்தார். மட்டி எடுப்பதற்குப் பெயர்போன ஊர் அது. கடல் வற்றியதும் பெண்கள் கழுதைகளை ஓட்டிக்கொண்டு சேற்றில் மைல் கணக்கில் நடப்பார்களாம். கைவாரியால் மணலைக் கீறி, சல்லடையில் சலித்து, சிறியவற்றை அங்கேயே விட்டுவிட்டு மற்றவற்றை மூட்டை கட்டி, நீர் ஏறுவதற்குள் திரும்ப வேண்டும். நான் பிறந்தபோது கழுதைகள் போய் இழுவை வண்டிகள் வந்திருந்தன. ஆனால் கழுதைக் காலத்துப் பாட்டி ஒருவர், தம் மூட்டுவலியைக் கவனித்த அப்பாவுக்கு வெள்ளிக்கிழமைதோறும் அவித்த மட்டியைத் துணி போர்த்திய கிண்ணத்தில் கொண்டுவருவார். நாங்கள் சைவம். அம்மா புன்னகையோடு வாங்கி, பின்கட்டுக் குப்பைத்தொட்டியில் கொட்டிவிடுவார். ஒரு வெள்ளிக்கிழமை கிண்ணத்தைத் திரும்ப வாங்கப் பாட்டி பின்வாசல் வழியாக வந்தார்; தொட்டியின் மூடி திறந்திருந்தது. அவர் குனிந்து பார்த்தார், கிண்ணத்தை எடுத்துக்கொண்டார், “நல்ல வெயில்” என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை அதே கிண்ணத்தில் உருளைக்கிழங்கு வந்தது.

பாங்கர் பழையவர்

மாடியறைவாசிக்கு ஒரு திருத்தம். கபெல் கெலின் கட்டடங்களை நீர் நிரப்புவதற்கு முன்பே இடித்துவிட்டார்கள். எவ்வளவு வற்றினாலும் கூரை தெரியாது. ஏரித் தண்ணீரும் குழாய் வழியே நேராக லிவர்பூலுக்குப் போவதில்லை. ட்ரவெரின் ஆற்றில் திறந்துவிடப்பட்டு, டீ ஆற்றில் கலந்து, செஸ்டர் அருகேதான் எடுக்கப்படுகிறது. அபெரிஸ்ட்வித் குழாயில் வந்தது அந்தத் தண்ணீரே அல்ல.

என் அனுபவம் சிறியது. லீன் தீபகற்பத்தில் ஒரு கடைக்குள் நான் நுழைந்ததும் எல்லோரும் வேல்ஸ் மொழிக்கு மாறிவிட்டார்கள் என்று எண்ணிக் கோபித்துக்கொண்டு, வாங்கவந்த பாலை வைத்துவிட்டு வெளியேறினேன். கதவு மூடும்போதுதான் உறைத்தது: நான் வருவதற்கு முன்பும் அவர்கள் அதையேதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இனிப் போகிறவர்கள் ‘போரே டா’ (காலை வணக்கம்), ‘டியோல்க்’ (நன்றி) என்ற இரண்டையாவது கற்றுக்கொண்டு போங்கள். ஊர்ப்பெயர்களின் முதலில் வரும் இரட்டை லகரத்தை நம் ழகரமாக்கிவிடாதீர்கள். லகரத்துக்கு நாக்கை வைத்து, குரலெழுப்பாமல் காற்றை மட்டும் ஊத வேண்டும். நம் புணர்ச்சியைப்போல் அங்கும் சொல்லின் முதலெழுத்து இடத்துக்கேற்பத் திரியும். வேல்ஸ் மொழியில் ‘மறவாதீர்’ என்னும் சொல்தான் முதலில் வரும்; அதை அடுத்து வரும்போது ட்ரவெரினின் வல்லொலி (T) மெலிய (D) வேண்டும். முதலில் சுவரில் எழுதியவர் அதைத் திரிக்காமல் எழுதிவிட, பிற்பாடுதான் திருத்தப்பட்டது. இலக்கணம் தெரியாதவர்கள் சுவரில் எழுதக்கூடாது என்பது என் கருத்து.

மாடியறைவாசி

கூரையைப் பற்றிய திருத்தத்துக்கு நன்றி. கேட்டதை எழுதியது என் தவறு. தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது என்னைவிட அந்த அம்மாவுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். மருத்துவர் மகளே, அந்த உருளைக்கிழங்கை உங்கள் அம்மா சமைத்தார்களா?

மருத்துவர் மகள்

சமைத்தார்கள். தோலைக்கூடச் சீவவில்லை.