அம்மாவுக்கு ஒத்தடமும் மசாஜும், தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு ரொம்ப நாளா கழுத்து, தோள்பட்டை வலி, டாக்டர் பாத்துட்டு தசை இறுக்கம்தான், சூடு ஒத்தடம் குடுங்கன்னு சொன்னார். தினமும் ராத்திரி ஹாட் பேக்க துண்டுல சுத்தி 15, 20 நிமிஷம் வெச்சுட்டு அப்புறம் மெதுவா அமுக்கி விடறேன். சூடு பட்டா ரத்தக்குழாய் விரிஞ்சு ரத்த ஓட்டம் கூடும், தசை இளகும், அது சரி, ஆனா எனக்கு பெரிய ஆச்சரியம் அவங்க மனசுல வர்ற மாற்றம்தான், கட்டைவிரலுக்கு அடியில அந்த முடிச்சு இளக இளக மூச்சு நிதானமாகுது, நாள் பூரா வாயே திறக்காதவங்க தானா பேச ஆரம்பிச்சு அப்படியே தூங்கியும் போயிடறாங்க.

இப்ப பாதத்துக்கும் ஒத்தடம் கேக்கறாங்க. அங்கதான் பயம். சுகர் இருக்கு, பாதத்துல உணர்ச்சி கம்மி, சூடு அதிகமானாலும் தெரியாது, தோல் வெந்து புண்ணாயிடுச்சுன்னா ஆறவும் லேட் ஆகும். அதனால கால்ல ஹாட் பேக் வேணவே வேணாம்னுட்டேன், பாவம் முகம் வாடிப்போச்சு.

சூடே இல்லாம கைலயே பாதத்த எப்படி நீவி விடலாம், எவ்ளோ அழுத்தலாம்? கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலிச்சா ரத்தக்கட்டா இருக்கலாம், அமுக்காம உடனே டாக்டர்ட்ட போகணும்னு தெரியும், அவங்களுக்கு அப்படி எதுவும் இல்ல. பிசியோதெரபிஸ்ட் யாராவது இருந்தா, இல்ல வீட்ல சுகர் இருக்கறவங்கள பாத்துக்கறவங்க இருந்தா கொஞ்சம் விவரமா சொல்லுங்க.