பறவைப் பெட்டிக்குள் பம்பிள்பீ குடிவந்துவிட்டது, கொல்லாமல் என்ன செய்வது?

ரெடிங் மருமகள் (மே 27)

வணக்கம். இங்கிலாந்தில், ரெடிங்கில் இருக்கிறோம். கொல்லைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில், ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, குருவிகளுக்காக ஒரு மரப்பெட்டி மாட்டியிருந்தேன். ஏப்ரலில் ஒரு புளூ டிட் குருவி பாசியும் முடியுமாகக் கொண்டுவந்து அடைத்தது. அப்புறம் அதைக் காணவில்லை. இப்போது உள்ளேயிருந்து 'கொய்ங்' என்று சத்தம். எட்டிப் பார்த்தால் பம்பிள்பீ, தேனீ மாதிரிதான், ஆனால் குண்டாக, முடி அடர்ந்திருக்கும். முதுகு செம்பட்டை, வயிறு கருப்பு, வால் நுனி மட்டும் வெள்ளை.

ஒரு வாரமாகப் பெட்டி வாசலில் பதினைந்து இருபது அந்தரத்தில் ஆடிக்கொண்டே நிற்கின்றன. மகளுக்கு நாலு வயது. துணி காயப்போடக்கூட அந்தக் கதவைத் திறக்கப் பயமாக இருக்கிறது. பூச்சி மருந்து அடிக்கும் ஒருவரிடம் போனில் கேட்டேன். "பவுடர் போட்டால் வேலை முடிந்தது" என்றார். எனக்கு மனசு வரவில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவோ, "குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்பார்கள், கலைக்காதே" என்கிறார். குளவி வேறு, இது வேறு என்று தெரியும். ஆனாலும் கொல்லாமல் சமாளிக்க வழி உண்டா? பெட்டியைத் தோட்டத்தின் கடைசிக்கு நகர்த்தலாமா?

ஹாரோ தோட்டக்காரர்

பயப்பட வேண்டாம் பிள்ளை. நீங்கள் சொல்லும் நிறத்தைப் பார்த்தால் அது ட்ரீ பம்பிள்பீ. இந்த நாட்டில் 2001இல்தான் முதன்முதலாகக் கண்டார்கள், வில்ட்ஷயர் பக்கம். இப்போது ஸ்காட்லாந்து வரை போய்விட்டது. மற்ற பம்பிள்பீக்கள் பெரும்பாலும் எலி விட்டுப்போன வளை, புல்லடி, ஷெட்டின் கீழ் என்று இடம் தேடும். இதற்கு உயரத்தில் பொந்து வேண்டும். பறவை மெத்தை போட்டுவிட்டுப் போன பெட்டி என்றால் விடாது.

வாசலில் ஆடுகிறவை ஆண்கள். உள்ளேயிருந்து புது ராணி வெளியே வரும் என்று காத்து நிற்கின்றன. ஆணுக்குக் கொடுக்கே கிடையாது. கூட்டம் பெருகுகிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். உண்மையில் ஆண்கள் வந்துவிட்டார்கள் என்றால் கூட்டின் காலம் முடிகிறது என்று அர்த்தம். ஜூலைக் கடைசிக்குள் பழைய ராணி, வேலைக்காரிகள், ஆண்கள் எல்லாம் செத்துப்போகும். கருத்தரித்த புது ராணிகள் மட்டும் எங்காவது மறைவாக ஒதுங்கிக் குளிர்காலத்தைத் தாண்டும். தேனீக் கூட்டில் கோடையில் 50,000 இருக்கும். இதில் பெரிய கூட்டிலும் சில நூறுதான்.

ஏழு வருடத்துக்கு முன் நான் ஒரு கூட்டை அழித்தேன். அது ஷெட்டின் அடியில், வால் மங்கிய வெள்ளையாக இருக்கும் வேறு இனம். கனடாவிலிருந்து பேரன் வருகிறான் என்று ஒரு பின்னேரம் துவாரத்தில் செங்கல்லை வைத்து ஈரமண்ணால் பூசிவிட்டேன். இரவு வெளியே தங்கியிருந்த சில அடுத்த நாள் காலை திரும்பி வந்தன. காலில் மஞ்சள் மகரந்தத்தோடு அந்தச் செங்கல்லைச் சுற்றிச் சுற்றி நடந்தன. ஷெட்டுக்குள் போய்ப் பலகையில் காதை வைத்தேன். அடியில் சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் நின்றுவிட்டது. பயணம் தள்ளிப்போய்ப் பேரன் அந்த வருடம் வரவேயில்லை. தயவுசெய்து துவாரத்தை மட்டும் அடைக்காதீர்கள்.

நகர்த்தவும் வேண்டாம். தோட்டத்துக்குள்ளேயே நகர்த்தினால் இரை தேடப் போனவை பழைய சுவருக்கே திரும்பி வந்து அலையும். இந்த இனத்துக்கு அதிர்வு ஆகவே ஆகாது. பூவில் நிற்கும்போது சாது, பெட்டியைத் தட்டினால் அந்தச் சாது இல்லை. சுவரில் ஆணி அடிப்பது, பக்கத்தில் புல்வெட்டும் மெஷின் ஓட்டுவது இரண்டையும் தள்ளிப்போடுங்கள். வாசலில் முகம் வைத்துப் பார்க்க வேண்டாம், மூச்சுக்காற்று பட்டாலும் சீறும்.

கதவுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஆறடி மூங்கில் தட்டி ஒன்று நிறுத்துங்கள். பறக்கும் பாதை தலைக்கு மேலே ஏறிவிடும். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இப்படித்தான் முழுக் கோடையையும் கடத்தினார்கள். துணிக்கொடியை மற்றப் பக்கம் கட்டுங்கள். மகளுக்கு ஒன்று சொல்லிக்கொடுங்கள்: பம்பிள்பீ நடுக்காலைத் தூக்கிக் காட்டினால், "கிட்ட வராதே" என்கிறது.

தக்காளி, கத்தரி வைத்திருக்கிறீர்களா?

நைட் ஷிப்ட்

நான் நர்ஸ். ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பெண் பம்பிள்பீயின் கொடுக்கில் தேனீக்கு இருப்பதுபோல் பெரிய முள் இல்லை, அதனால் தோலில் மாட்டாது, மறுபடியும் கொட்டலாம். கொட்டிய இடத்தைக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். அந்த இடத்தில் வீங்குவது சகஜம். மூச்சுத் திணறல், உதடு நாக்கு வீக்கம், மயக்கம் வந்தால் யோசிக்காமல் 999இல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டில் யாருக்காவது முன்பே கடுமையான அலர்ஜி வந்திருந்தால், இதை அப்படியே விடலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ரெடிங் மருமகள்

இருவருக்கும் நன்றி. அலர்ஜி யாருக்கும் இல்லை. ஐயா, கிரீன்ஹவுஸில் தக்காளி ஆறு செடி, கத்தரி நாலு. ஏன் கேட்டீர்கள்?

ஹாரோ தோட்டக்காரர்

அப்படியென்றால் கிரீன்ஹவுஸ் கதவைப் பகலில் திறந்தே வையுங்கள். தக்காளிப் பூவில் மகரந்தம் குழாய்க்குள் அடைபட்டிருக்கும், கத்தரியிலும் அப்படியே. தேனீயால் அதை உதிர்க்க முடியாது. பம்பிள்பீ பூவைக் கடித்துப் பிடித்துக்கொண்டு, இறகை விரிக்காமல் பறக்கும் தசையை மட்டும் அதிரவிடும். மகரந்தம் பொலபொலவென்று கொட்டும். முன்பெல்லாம் தக்காளிப் பண்ணைகளில் ஆட்கள் அதிர்வுக் கருவியோடு பூப்பூவாகப் போவார்கள். 1980களில் பெல்ஜியத்தில் ஒரு கால்நடை மருத்துவர் இதைக் கவனித்த பிறகுதான் பம்பிள்பீயைப் பெட்டியில் வளர்த்து விற்கும் தொழிலே வந்தது. உங்களுக்கு அது இலவசமாகச் சுவரில் இருக்கிறது.

ரெடிங் மருமகள் (ஆகஸ்ட் 9)

சொல்லிவிட்டுப் போக வந்தேன். தட்டி நிறுத்திய மறுநாளிலிருந்து கதவைத் திறந்தோம். யாரையும் கொட்டவில்லை. மகள் தினமும் காலையில் தட்டிக்கு இந்தப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யார் மஞ்சள் கொண்டுவருகிறார்கள் என்று எண்ணினாள். ஜூலை 20 வாக்கில் போக்குவரத்து குறைந்து, அப்புறம் நின்றேவிட்டது. இரண்டு வாரம் பொறுத்து நேற்று திறந்தோம். பாசிக்கு நடுவே கொண்டைக்கடலை அளவில் பழுப்புக் குடங்கள், மேலே வலை மாதிரி நூல். அம்மா தேன் எங்கே என்று தேடினார். இவை சில நாளைக்குத்தான் சேர்த்து வைக்குமாம் என்று மகள் அவருக்கு விளக்கினாள்.

கத்தரி இதுவரை இருபத்தாறு பறித்தாயிற்று. பெட்டியைக் கொதிநீர் ஊற்றிக் கழுவிக் காயவைத்திருக்கிறேன். இந்த முறை கதவிலிருந்து தள்ளி, பிளம் மரத்தில் மாட்டலாம் என்று இருக்கிறேன். ஐயா, எந்தத் திசையைப் பார்த்து மாட்டினால் நல்லது?