ஓட்டத்தில் நன்றாக இருக்கும், சிக்னலில் நின்றால் உதறும்

அவினாசி சாலையில் எண்பதில் போகும்போது என் பெட்ரோல் வண்டிக்கு ஒரு குறையும் கிடையாது. காந்திபுரம் சிக்னலில் நின்றால் போதும், ஸ்டீயரிங் உதறும், ஆர்.பி.எம். முள் 500க்கும் 900க்கும் நடுவில் ஆடும். ஏசி போட்டால் சில நேரம் ஆஃபே ஆகிவிடும்.

முதலில் போன பட்டறையில் ப்ளக் மாற்றினார்கள், அப்புறம் காயில். அடுத்து பெட்ரோல் பம்ப் என்றார்கள். பம்ப் சோர்ந்துபோனால் எஞ்சின் நிறைய பெட்ரோல் கேட்கும்போது, அதாவது வேகத்திலும் மேட்டிலும்தானே திணற வேண்டும்? என் வண்டி நேர்மாறாக அல்லவா செய்கிறது! வேண்டாம் என்று எடுத்து வந்துவிட்டேன்.

வேறொரு மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரையே தொடவில்லை, முதலில் ஸ்கேனரை மாட்டினார். பி0171 என்று வந்தது. கலவையில் காற்று கூடுதல், பெட்ரோல் போதவில்லை என்பதற்கான கோடு அது. இதைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறவர்கள் உண்டு. இவர் லைவ் டேட்டாவில் ஃப்யூயல் ட்ரிம் பார்த்தார். கலவை சரியாக இருக்க வண்டியின் கம்ப்யூட்டர் (ஈ.சி.யூ.) பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு அது. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் ஓடும்போது, கூட்டல் 24 சதவீதம். ஆக்சிலரேட்டரை மிதித்து 2500 ஆர்.பி.எம்.மில் வைத்ததும் 4க்கு இறங்கியது. "எங்கியோ ஏர் இழுக்குதுங்க" என்றார்.

ஐடிலில் த்ராட்டில் (எஞ்சினுக்குக் காற்று விடும் கதவு) கிட்டத்தட்ட மூடியே இருக்கும். அதைத் தாண்டி சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிபோல்டில் உறிஞ்சல் பலமாக இருக்கும், ஆனால் எஞ்சினுக்குள் போகும் மொத்தக் காற்று கொஞ்சம்தான். உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஃப் சென்சாருக்குத் தெரியாமல் ஒரு வெடிப்பு வழியாக நுழைகிற காற்று, அந்தக் கொஞ்சத்தில் பெரிய பங்கு. த்ராட்டில் திறந்துவிட்டால் உறிஞ்சலும் குறையும், உள்ளே போகும் காற்றும் பல மடங்கு ஆகிவிடும். அப்போது அந்த ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. பம்ப் கோளாறு என்றால் ட்ரிம் வேகத்தில் ஏறியிருக்கும்.

இன்டேக்கில் புகை விட்டுப் பார்த்தார். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோகும் பி.சி.வி. ஹோஸ் வளையும் இடத்தில், அடிப்பக்கமாக ஒரு பிளவு. மேலிருந்து எவ்வளவு எட்டிப் பார்த்தாலும் தெரியாது. ஹோஸை மாற்றியதும் ஐடில் 750இல் ஆடாமல் நின்றது. பம்புக்குச் சொன்ன தொகையில் ஒரு மூலைக்குக்கூட வராத செலவு. (சூடான எஞ்சின் மேல் கார்ப் க்ளீனர் அடித்து லீக் தேடும் வித்தை வீடியோக்களில் நிறைய ஓடுகிறது. பற்றிக்கொள்ளும், கவனம்.)

—

அண்ணா, இது மாஃப் உள்ள வண்டிக்குச் சரி. என்னுடையதில் மேப் சென்சார்தான். அது மேனிபோல்ட் அழுத்தத்தை அளப்பதால் லீக்கில் வருகிற காற்றும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது, ஈ.சி.யூ. அதற்கும் பெட்ரோல் கொடுத்துவிடுகிறது. ட்ரிம் ஒழுங்காகவே காட்டியது, கோடும் வரவில்லை. சிக்னலில் உதறவும் இல்லை, 1400இலேயே நின்று கத்திக்கொண்டிருந்தது. மேனிபோல்ட் உறிஞ்சலை வைத்துப் பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸில் பிளவு. பிரேக் பெடல் இறுகியிருந்ததை வைத்துத்தான் பிடித்தோம்.

—

எங்கள் வீட்டில் இன்னும் கார்புரேட்டர் வண்டிதான், ஸ்கேனர் மாட்ட இடமே இல்லை. இதே தொல்லை வந்தபோது எங்கள் மேஸ்திரி காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுத்துப் பார்த்தார். உதறல் நின்றது. பெட்ரோல் போதவில்லை என்று அதிலேயே தெரிந்துவிட்டது. ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான ஸ்லோ ஜெட்டில் அடைப்பு. வேகத்தில் மெயின் ஜெட் பெட்ரோல் கொடுத்துவிடுவதால் அங்கே எதுவும் தெரியாது. கழற்றிக் காற்றடித்தார். கம்பி விட்டுக் குத்த மட்டும் விடவில்லை, துளை பெரிதானால் அப்புறம் ஜெட்டையே மாற்ற வேண்டுமாம்.