மறு: வழங்கல் மாற்றி வைக்கும் முன்னிருப்புக்கு என்ன சொல்?

வணக்கம். முன்னிருப்பு என்பது பயனர் எதையும் குறிப்பிடாதபோது நிரல் எடுத்துக்கொள்ளும் மதிப்பு. டெபியன் போன்ற லினக்ஸ் வழங்கல் (டிஸ்ட்ரிபியூஷன்) அதை மாற்றித் தந்தால், அந்த மாற்றிய மதிப்பைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற கேள்விக்கு என் பதில் இது.

> இதற்குத் தனிச்சொல் எதற்கு? இரண்டையும் ‘முன்னிருப்பு’ என்றே எழுதிவிடலாமே.

முடியாது என்று நேற்று இரவு எஸ்எஸ்எச்டி (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் சேவை நிரல்) அமைவுக் கையேட்டை மொழிபெயர்க்கும்போது தெரிந்துவிட்டது. டெபியன் தன் பிரதியில் ஒரு குறிப்பைச் சேர்த்திருக்கிறது: அமைவுக் கோப்பில் தாங்கள் எழுதி வைத்திருக்கும் சில மதிப்புகள் நிரலின் முன்னிருப்பு அல்ல என்று. ஆங்கிலத்தில் டெபியன் எழுதியதற்கு ‘ஸ்டாண்டர்ட்’, நிரலுடையதற்கு ‘டிஃபால்ட்’. நான் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டேன். “இந்த முன்னிருப்புகள் முன்னிருப்பு அல்ல” என்று வந்து நின்றது.

சொல் அழகுக்காக மட்டும் கேட்கவில்லை. எக்ஸ்11ஃபார்வர்டிங் (தொலைக் கணினியின் சாளரங்களை நம் திரையில் காட்ட அனுமதிப்பது) என்ற விருப்பத்தைப் பாருங்கள். தலைமடையில் (அப்ஸ்ட்ரீமுக்கு, அதாவது நிரலை எழுதுவோரின் மூல வெளியீட்டுக்கு, போன வாரம் நாம் ஏற்றுக்கொண்ட சொல், எனக்கு மிகவும் பிடித்துவிட்டது) அதன் மதிப்பு ‘நோ’. டெபியன் 12 தரும் கோப்பிலோ ‘எஸ்’ என்று ஒரு வரி இருக்கும். “சரி, முன்னிருப்பே இருக்கட்டும்” என்று நினைத்து ஒருவர் அந்த வரியை அழிக்கிறார். நிறுவிய நாளில் இருந்த நிலைக்கு அவர் திரும்பவில்லை, தலைமடை மதிப்புக்குப் போய்விட்டார். வரியின் முன்னால் # போட்டாலும் இதே கதைதான். நம் கையேடு இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால், படிப்பவருக்கு இது எப்படிப் புரியும்?

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், அப்பாச்சி வலைச் சேவையகம் இரண்டிலும் இதே நிலைமை. அப்பாச்சியின் தலைமடை ஆவணம் சொல்லும் அமைவுக் கோப்பின் பெயரே டெபியனில் வேறு.

> ‘விலகல் முன்னிருப்பு’?

இதில் குற்றம் சாட்டும் தொனி இருக்கிறது. பொதியாளர்கள் (நிரல்களை வழங்கலுக்காகப் பொதியாக்குபவர்கள்) காரணத்தோடுதான் மாற்றுகிறார்கள். கோப்பு தேடும் எஃப்டி என்ற கருவி டெபியனில் எஃப்டிஃபைண்ட் ஆனது, அந்தப் பெயரை வேறொரு பொதி முன்பே எடுத்துக்கொண்டதால். ‘உள்ளூர் முன்னிருப்பு’ என்றால் பயனர் தன் கணினியில் தானே செய்யும் மாற்றத்தோடு குழம்பும்.

என் பரிந்துரை: வழங்கல் வழக்கு. வட்டார வழக்கு என்கிறோம் இல்லையா, அதே போல. நெல்லை வழக்கு தவறான தமிழ் அல்ல, அந்த ஊரில் அப்படி வழங்குகிறது, அவ்வளவுதான். ‘வழங்கு’ என்பதிலிருந்துதான் ‘வழக்கு’ வருகிறது என்பதால் ‘வழங்கல்’ பக்கத்தில் இயல்பாக உட்கார்கிறது. தொடரிலும் இடறவில்லை: “முன்னிருப்பு ‘நோ’, டெபியன் வழக்கில் ‘எஸ்’.”

> வழக்கு என்றால் நீதிமன்றம் நினைவுக்கு வராதா?

‘பேச்சு வழக்கு’ என்னும்போது யாருக்கும் வருவதில்லை. ஆனால் ‘டெபியன் வழக்கு’ என்று தலைப்பில் தனியாகப் போட்டால் வரும், அதை ஒப்புக்கொள்கிறேன். தலைப்புகளில் ‘வழங்கல் வழக்கு’ என்று முழுதாகவே எழுதுவோம்.

நிரலுக்குள்ளேயே திருத்தியதற்கும் கோப்பில் எழுதியதற்கும் தனித்தனிச் சொல் வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். இப்போதைக்கு ஒன்றே போதும் என்பது என் எண்ணம். எங்கே மாற்றினார்கள் என்பதை அடுத்த தொடரில் சொல்லிவிடலாம்.

நேற்று சிக்கிய இடத்தை இப்படி மாற்றி வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்: “கீழுள்ள மதிப்புகள் டெபியன் வழக்கு, எஸ்எஸ்எச்டியின் முன்னிருப்பு அல்ல. வரியை நீக்கினால் முன்னிருப்பு செயலுக்கு வரும்.”