பள்ளிப் பிள்ளைகளைத் தாமான் நெகாராவுக்கு அழைத்துச் செல்வது காட்டுக்கு நன்மையா, தீமையா?

செந்தூல் வாசகர்:

எங்கள் வட்டாரத் தமிழ்ப்பள்ளியின் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் நாற்பது பேரைப் பள்ளி விடுமுறையில் பகாங்கிலுள்ள தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லலாம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டது. பாதிப் பேர் ஒப்புக்கொண்டார்கள். மீதிப் பேர், காட்டை அதன் போக்கில் விட்டுவிடுவதே நல்லது, விலங்குகளைப் பார்க்க மிருகக்காட்சிசாலை போதும் என்றார்கள். இந்த இரண்டாவது கருத்தை நான் முழுமையாக மறுக்கிறேன்.

இந்த மலேசிய நாட்டுக் காட்டோடு நமக்கிருந்த உறவு பெரும்பாலும் வெட்டுக்கத்தியின் உறவுதான். நம் முன்னோர் ரப்பர்த் தோட்டங்களுக்காகவும் சாலைகளுக்காகவும் இரயில் பாதைகளுக்காகவும் காடழித்தார்கள். கங்காணிக்குக் கட்டுப்பட்டு, மலேரியாவுக்கு உயிர்களைப் பறிகொடுத்து அந்த வேலையைச் செய்தார்கள். பெருந்தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற தோட்டத் துண்டாடலுக்குப் பிறகு பட்டணத்து அடுக்குமாடிகளுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்குச் செம்பனை மரம் தெரியும். மெராந்தி மரம் தெரியாது. 4,343 சதுர கிலோமீட்டர் பரப்பில் மூன்று மாநிலங்களில் விரிந்து கிடக்கும் ஒரு மழைக்காடு, கோலாலம்பூரிலிருந்து நான்கு மணி நேரத் தொலைவில் இருக்கிறது. அதன் நுழைவு உரிமத்துக்கு நெடுங்காலமாக ஒரு ரிங்கிட்தான் வாங்கிவந்தார்கள். அப்படியிருந்தும் நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அதைக் கண்டிருக்கிறார்கள்? தான் கண்ணால் காணாத ஒன்று அழிகிறது என்று செய்தித்தாளில் படிக்கும் பிள்ளை, அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்.

பாயான் பாரு ஆசிரியை:

ஐயா, பிள்ளைகள் காட்டை அறிய வேண்டும் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் நாற்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் அங்கே கொண்டுபோய் இறக்கினால் அவர்கள் எதைக் காண்பார்கள் என்று சங்கத்தில் யாரேனும் எண்ணிப் பார்த்தார்களா?

தாமான் நெகாராவின் நுழைவாயிலான கோலா தகானைச் சுற்றிப் பும்புன் எனப்படும் கண்காணிப்புக் குடில்கள் உள்ளன. உயரத் தூண்களின் மேல் பலகையால் கட்டப்பட்டு, முன்புறம் நீளவாக்கில் ஒரு திறப்பு மட்டும் விடப்பட்டிருக்கும். எதிரே, மரங்கள் விலகிய ஒரு சிறு வெளியில் உப்புச்சேறு இருக்கும், ஜெனுட் என்பார்கள். இலைதழையில் கிடைக்காத தாது உப்புகளுக்காகத் பன்றி போன்ற உடலும் நீண்ட மூக்கும் கொண்ட தாபிரும், மானும் காட்டெருதும் அங்கே வருகின்றன, அதுவும் பெரும்பாலும் இருட்டிய பிறகே. நான் ஒரு முறை அங்கே தங்கியபோது, பின்னிரவில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு தாபிர் மூக்கை முன்னே நீட்டி, நான்கு அடி வைத்து நின்று, மோப்பம் பிடித்து, மீண்டும் நான்கு அடி வைத்து வந்தது. பக்கத்துப் பலகைக் கட்டிலில் ஒருவர் கைப்பேசி விளக்கைப் போட்டவுடன் அது திரும்பிப் போய்விட்டது. விடியும்வரை வேறு எந்த விலங்கும் வரவில்லை. விளக்கைப் போட்டவரை நான் குறை சொல்லவில்லை. ஒரேயொரு விளக்கு, ஒரு விலங்கின் அன்றைய உணவைத் தடுத்துவிட்டது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகள் நாற்பது பேரை எட்டு மணி நேரம் வாய்திறக்காமல் உட்கார வைக்க நம்மால் இயலுமா?

எங்கள் பினாங்கில் தெலுக் பஹாங்கிலேயே 2003-இல் அமைக்கப்பட்ட ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. பந்தாய் கெராச்சுட் கடற்கரைக்குக் காட்டுப் பாதையில் நடந்தே போகலாம். பச்சை ஆமைகள் முட்டையிடும் இடம் அது. அருகிலேயே, அடியில் கடல்நீரும் மேலே நன்னீரும் ஒன்றோடொன்று கலக்காமல் அடுக்காக நிற்கும் ஏரி ஒன்று உள்ளது. அறிவியல் பாடத்தில் அடர்த்தியைப் பற்றி நான் ஒரு மாதம் சொல்லிக் கொடுப்பதை அந்த ஏரிக்கரையில் அரை மணி நேரத்தில் விளக்கிவிடலாம். வழியில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட இலைக்குரங்குகளை மரக்கிளைகளில் காணலாம். பிள்ளைகளுக்கு முதற்காடு இப்படி அருகில் இருக்க வேண்டும். ஆழ்காட்டை ஆழ்காடாகவே விட்டுவைக்கலாம்.

செந்தூல் வாசகர்:

ஆசிரியை அவர்களே, தாபிரைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அதைக் காணாத பிள்ளைகளுக்காக என் மனம் இன்னும் வருந்துகிறது. உங்கள் வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. மனிதர் போகாத காட்டில் மனிதரே இல்லை என்று நினைக்கிறீர்கள். நாம் போகாவிட்டாலும் கம்பிக் கண்ணி வைப்பவன் போகிறான். 1950-களில் ஏறத்தாழ 3,000 என மதிப்பிடப்பட்ட மலாயாப் புலிகள், 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில் 150-க்கும் குறைவு என்று தெரியவந்தது. அந்தச் சரிவுக்கு, உப்புச்சேற்றருகே விளக்குப் போட்டவர்களா காரணம்?

தாமான் நெகாராவையும் தித்திவாங்சா மலைத்தொடரின் காடுகளையும் இணைக்கும் சுங்கை யூ பகுதியில், புலிகளைக் காக்கப் பாடுபடும் மைகேட் கூட்டமைப்பு பல ஆண்டுகளாகப் பொதுமக்களை அழைத்துக் காட்டுக்குள் நடக்கவைத்தது. எழுத்தர்களும் மாணவர்களும் வார இறுதியில் அங்கே போய்க் கண்ணிகளைத் தேடினார்கள். நல்ல நோக்கத்தோடு நடமாடும் மனிதர்கள் இருக்கும் இடத்தில் வேட்டைக்காரன் துணிந்து இறங்கமாட்டான் என்பதே அதன் அடிப்படை. நம் பிள்ளைகள் இன்று சுற்றுலாவாகப் போனால்தான் நாளை அப்படி நடக்க முன்வருவார்கள்.

கெப்போங் மாணவன்:

ஐயாவும் ஆசிரியையும் பொறுத்தருள வேண்டும். நீங்கள் இருவரும் பார்வையாளரைப் பற்றியே பேசுகிறீர்கள். புலி குறைந்ததற்குக் கண்ணி ஒரு காரணம், இரை விலங்குகள் குறைந்தது இன்னொன்று, காடு துண்டு துண்டானது மூன்றாவது. இதில் மூன்றாவதை மாநில அரசுகள்தான் கையில் வைத்திருக்கின்றன. நம் அரசமைப்புச் சட்டத்தின்படி நிலமும் காடும் மாநிலங்களின் அதிகாரத்தில் வருபவை. தாமான் நெகாராவே அதற்குச் சான்று. வேட்டைக்காரராக இருந்து வனவிலங்குக் காவலராக மாறிய தியோடர் ஹப்பெக் ஆண்டுக்கணக்கில் வாதாடிய பிறகு, பகாங், கிளந்தான், திரங்கானு சுல்தான்கள் இசைந்து, 1938, 1939 ஆண்டுகளில் மூன்று மாநிலங்களும் தனித்தனியே சட்டம் இயற்றியதால்தான் அது ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா என்ற பெயரில் பிறந்தது. அன்று மூன்று கையெழுத்துகள் கிடைக்காமல் போயிருந்தால் இன்று அங்கே செம்பனை நின்றிருக்கும்.

மரம் வெட்டினால் மாநிலத்துக்கு வருமானம். வெட்டாமல் வைத்திருந்தால் வருமானம் இல்லை. இந்தக் கணக்கு மாறாமல் நீங்கள் எத்தனை பேருந்து பிடித்தாலும் பயன் குறைவு. காட்டைக் காக்கும் மாநிலங்களுக்குக் கூட்டரசு பணம் கொடுக்கும் திட்டம் 2019-இல் 60 மில்லியன் ரிங்கிட்டோடு தொடங்கியது. பிறகு தொகையை உயர்த்தியும் இருக்கிறார்கள். நம் சட்டமன்ற உறுப்பினர்களிடம் இதைப் பற்றி நாம் ஒருவராவது கேட்டிருக்கிறோமா? கோயில் நிலத்துக்கும் பள்ளி நிலத்துக்கும் மனுக்கொடுக்கும் நம் சங்கங்கள் காட்டு நிலத்துக்கும் மனுக்கொடுக்கலாமே.

சுமத்திராக் காண்டாமிருகத்தின் கதையை நினைத்துப் பாருங்கள். 2019 நவம்பரில் சபாவில் இமான் என்ற பெண் காண்டாமிருகம் இறந்ததோடு இந்நாட்டில் அந்த இனமே முடிந்துவிட்டது. அதைப் பார்க்க யாரும் கூட்டமாகப் போனதில்லை. பார்வையாளர் தொந்தரவு இல்லாமலேயே அது அழிந்தது.

பாயான் பாரு ஆசிரியை:

தம்பி, நீங்கள் சொல்லும் மனுவில் முதல் கையெழுத்து நான் போடுகிறேன். ஆனால் ஒரு பெரிய காரணம் இருப்பதால் சிறிய காரணங்களை விட்டுவிடலாம் என்பதை ஏற்கமாட்டேன். கினாபாலு மலையில் நாள்தோறும் எத்தனை பேர் ஏறலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்; உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் ஏற விடுவதில்லை. அதனால் அந்த மலையின் மீது மக்களுக்கு அன்பு குறைந்துவிட்டதா? கோலா தகானிலும் அத்தகைய வரம்பை நம்முடைய ஒழுங்காக நாமே வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாமான் நெகாரா, பத்தேக் என்னும் பூர்வகுடி மக்களின் வாழிடம். அங்கே போகும் குழுக்களைப் படகில் ஏற்றி அவர்களுடைய குடியிருப்புக்கு அழைத்துச் சென்று, ஊதுகுழாயில் அம்பு விடுவதையும் பிரம்பை உரசித் தீ மூட்டுவதையும் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அந்த மக்களுக்கு அதில் வருமானம் இருக்கலாம். ஆயினும் ஒரு குடும்பத்தின் வாசலில் நாற்பது பிள்ளைகள் நின்று படம் எடுப்பதை எந்தப் பாடத்தின் பெயரால் நான் நியாயப்படுத்துவேன்? தோட்டத்து லயங்களில் நம் பாட்டிமார் வாழ்ந்ததை அப்படி யாராவது வந்து வேடிக்கை பார்த்திருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்?

பட்டர்வொர்த் ஓட்டுநர்:

நான் பல ஆண்டுகளாகப் பட்டர்வொர்த்துக்கும் கோத்தா பாருவுக்கும் இடையே பேருந்து ஓட்டுபவன். கிரிக்கிலிருந்து ஜெலிக்குப் போகும் நெடுஞ்சாலை 1982-இல் திறக்கப்பட்டது. பெலும் காட்டையும் தெமெங்கோர் காட்டையும் பிரித்துக்கொண்டு போவது அதுதான். பொழுது சாய்ந்த பிறகு அந்தச் சாலையில் வேகத்தைக் குறைத்து, முன்விளக்கில் யானைச் சாணம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டேதான் ஓட்டுவோம். ஆவி பறக்கும் புதுச் சாணம் என்றால் கூட்டம் பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். ஒலிப்பானை அடிக்காமல், விளக்கைத் தாழ்த்தி, இயந்திரத்தை நிறுத்தாமல் காத்திருக்க வேண்டும். வளைவுகளில் யானை தெரியாது. அதன் நிறமும் தாரின் நிறமும் இரவில் ஒன்றுதான்.

2025 மே மாதம் அந்தச் சாலையில் ஒரு லாரி யானைக்குட்டியை மோதிக் கொன்றதையும், தாய் யானை குட்டியை மீட்க அந்த லாரியைத் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டே நின்றதையும் நாடு முழுவதும் காணொளியில் பார்த்தது. சாலையை மூடிவிடுங்கள் என்று அன்று பலர் எழுதினார்கள். கிளந்தானிலிருந்து பினாங்கு மருத்துவமனைக்கு நோயாளிகளை ஏற்றிவந்த எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. சாலை வேண்டும்; ஆனால் விலங்குகள் கீழே கடந்துபோகும் மேம்பாலங்கள் கூடுதலாக வேண்டும், இரவில் கனரக வாகனங்களின் வேகத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். சுங்கை யூவில் சாலையைத் தூக்கிக் கட்டி விலங்குகளுக்கு வழிவிட்டதைப் போல இங்கேயும் தேவையான இடங்களிலெல்லாம் செய்யலாம்.

செந்தூல் ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். எந்தக் காட்டுக்குப் போனாலும் பேருந்துப் பயணத்தைப் பகலிலேயே முடிக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். செலவைக் குறைக்க இரவில் கிளம்பும் சங்கங்களை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளுக்கும் ஆபத்து, விலங்குகளுக்கும் ஆபத்து.

கெப்போங் மாணவன்:

ஓட்டுநர் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு இதையும் சேர்க்கத் தோன்றுகிறது. நான் வசிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள காட்டு ஆராய்ச்சிக் கழகத்தின் வனப்பூங்கா, ஈயம் தோண்டிப் பாழான நிலத்தில் 1920-களிலிருந்து மரம் நட்டு உருவாக்கப்பட்டது. 2025-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. அங்கே கப்பூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விட்டு நிற்பதை அண்ணாந்து பார்க்கலாம். பிள்ளைகளை முதலில் அங்கே கூட்டிச்செல்லுங்கள். வெட்டியவர்களும் நட்டவர்களும் மனிதர்களே என்பது அவர்களுக்குத் தெரியட்டும். பத்துமலையையும் விட்டுவிட வேண்டாம். தைப்பூசத்துக்கு ஆண்டுதோறும் நாம் ஏறும் அதே குன்றின் குகைகளில் தேனுண்ணும் வௌவால்கள் தங்குகின்றன. டுரியான் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது அந்த இனம்தான். இரவில் வெகுதூரம் பறந்து கடலோரச் சதுப்புக்காட்டுப் பூக்கள் வரை போய்வருகிறது.

செந்தூல் வாசகர்:

எல்லாரும் எழுதியதைச் சங்கத் தலைவரிடம் காட்டினேன். நாற்பது பேரை இருபது இருபதாகப் பிரித்து, இரண்டு வெவ்வேறு வாரங்களில் அழைத்துச் செல்ல அவர் சம்மதிக்கிறார். பகலில் மட்டுமே பயணம். பத்தேக் குடியிருப்புக் காட்சியைத் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டோம். அதற்குப் பதிலாக, அந்தச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரையே உரிய ஊதியம் கொடுத்துக் காட்டு வழிகாட்டியாக அமர்த்த முடியுமா என்று விசாரிக்கிறோம். புறப்படுவதற்கு முந்தைய மாதம் கெப்போங்கில் ஒரு நாள் நடை. ஆனால் தாமான் நெகாராவைக் கைவிடுவதாக இல்லை.

பாயான் பாரு ஆசிரியை:

மகிழ்ச்சி, ஐயா. குடிலில் தங்குவதற்கு மட்டும் ஆறு பேருக்கு மேல் அனுப்பாதீர்கள். மற்றவர்கள் இரவு நடையில் பூச்சிகளையும் தவளைகளையும் பார்க்கட்டும், அந்த வயதில் அதுவே அவர்களுக்கு அதிகம் பிடிக்கும். இன்னொன்றில் நான் உங்களோடு இன்னும் மாறுபடுகிறேன். ஒரு ரிங்கிட் நுழைவு உரிமத்தை நீங்கள் பெருமையாகக் குறிப்பிட்டீர்கள். ஓய்வுபெற்ற படைவீரர்களையும் பூர்வகுடியினரையும் சம்பளத்துக்கு அமர்த்திக் காட்டில் ரோந்து அனுப்பும் நாட்டில், பார்வையாளர் அதற்குத் தம் பங்கைக் கூடுதலாகவே கொடுக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

செந்தூல் வாசகர்:

வெளிநாட்டுப் பயணிகளிடம் கூடுதலாக வாங்கட்டும். அதற்கு நான் குறுக்கே நிற்கமாட்டேன். எங்கள் பள்ளியில் பெரும்பாலான பிள்ளைகள் குறைந்த வருமானமுள்ள பி40 குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பேருந்துக்கும் படகுக்குமே நன்கொடை திரட்டிக்கொண்டிருக்கிறோம். உள்நாட்டுப் பிள்ளைகளிடமும் கூடுதலாக வாங்க வேண்டும் என்றால், அதை எதிர்த்து முதலில் எழுதுபவன் நானாக இருப்பேன்.