அப்பாவின் ஆட்டைத் திவசமும் ஃபைபர் இணைப்பும்

குழு: மருதடி வீட்டுப் பிள்ளைகள்

சாந்தி: எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் ஆட்டைத் திவசம் பெப்ரவரி 21, சனிக்கிழமை, அம்மா வீட்டிலேயே. ஐயர் காலை 9 மணிக்கு வருவார். இன்னொரு விஷயம். அம்மா வீட்டு இணையத்தைச் செப்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு, அதாவது கண்ணாடி இழைக்கு, மாற்றலாம் என்று கடிதம் வந்திருக்கிறது. 19ஆம் திகதி வியாழன் காலை 8 முதல் 12க்குள் ஆள் அனுப்பலாமாம். போடுவதா, விடுவதா? நாளைக்குள் சொல்ல வேண்டும்.

சிவா (ரொறன்ரோ): போடுங்கள்.

பத்மா (லண்டன்): இது எங்கள் கோயில் குழுவில் வந்தது, பாருங்கள். "அவுஸ்திரேலியாவில் எல்லாக் கம்பிகளையும் வெட்டப் போகிறார்கள். இனி எல்லாம் 5ஜி. இப்போது ஃபைபர் போடுகிறவர்களின் காசு வீண். உடனே பத்துப் பேருக்கு அனுப்பவும்."

ரவி: பெரியக்கா, தயவு செய்து அதை யாருக்கும் அனுப்ப வேண்டாம். பொய். பிறகு விளக்கமாக எழுதுகிறேன்.

மயூரன்: திவசத்துக்கு இரண்டு நாள் முன்னால் வீட்டு இணைப்பில் கை வைப்பது நல்லதா? நான் 5ஜி பெட்டி ஒன்று கொண்டு வருகிறேன். செருகினால் சரி. என் ஃபிளாட்டில் அதுதான், ஒரு பிரச்சினையும் இல்லை.

சிவா: போன வருடமும் இப்படித்தான் சொன்னாய்.

சாந்தி: சிவா.

சிவா: சொல்லாமல் இருக்க முடியவில்லை, சின்னக்கா. விசா வரவில்லை, நான் வரவில்லை. வீடியோவில் பார்க்கலாம் என்றீர்கள். வாய்க்கரிசி போடும் நேரத்தில் படம் நின்றுவிட்டது. அப்பாவின் முகத்தில் பாதியும் யாரோ ஒருவரின் வேட்டியும். அதைத்தான் நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்மா: எனக்கும் அப்படித்தான் நின்றது.

மயூரன்: சிவா மாமா, அன்று அம்மப்பாவின் பெட்டியைத் தூக்கினதும் நான்தான், போனைப் பிடித்ததும் நான்தான்.

தர்ஷினி: மயூரனைக் குறை சொல்ல வேண்டாம், சித்தப்பா. அவனுக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் நின்றேன்.

சாந்தி: வடைக்கு உழுந்து யார் ஊறப்போடுவது? அதையும் சொல்லுங்கள்.

ரவி: இப்போது எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள். அன்று பிழை மயூரனிலும் இல்லை, அவன் போனிலும் இல்லை. மண்டபத்தில் கிட்டத்தட்ட முந்நூறு பேர். எல்லோர் கையிலும் போன், அதில் பாதிப் பேர் தங்கள் உறவுகளுக்கு வீடியோ அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு கோபுரத்தின் ஒரு பக்கத்துக்கு இவ்வளவு அலைக்கற்றைதான் என்று அளவு இருக்கிறது, அதை அந்தப் பக்கத்தில் நிற்கும் எல்லோரும் பங்கிட வேண்டும். அதிலும் கீழே இறக்குவதற்குத்தான் பெரும் பங்கு, மேலே அனுப்புவதற்குக் கொஞ்சம்தான் வைத்திருப்பார்கள். சிவாவுக்குப் படம் போக வேண்டியது அந்தக் கொஞ்சத்தில். மயூரன், உன் ஃபிளாட்டில் நன்றாக வேலை செய்கிறது என்றால் கோபுரம் கிட்ட, கூட்டம் குறைவு. அம்மா வீட்டுக்கு எதிரே என்ன இருக்கிறது? மைதானம். சனிக்கிழமை காலை என்ன நடக்கும்? பிள்ளைகளின் கிரிக்கெட். நூறு பெற்றோர், நூறு போன். திவசமும் அதே நேரம்.

மயூரன்: அது நான் யோசிக்கவில்லை.

பத்மா: தம்பி, சுருக்கமாக.

ரவி: முடியவில்லை அக்கா, இது என் 26 வருட வேலை. இப்போது அம்மா வீட்டில் இருப்பது என்ன? தெருமுனைப் பச்சைப் பெட்டி வரை ஃபைபர், அதுதான் நோட். அங்கிருந்து வீடு வரை பழைய செப்புக் கம்பி. செப்பில் தூரம் கூடக் கூட வேகம் குறையும். போன ஞாயிறு அளந்து பார்த்தேன், அப்லோட், அதாவது மேலே அனுப்பும் வேகம், நொடிக்கு 7 மெகாபிட். அம்மா ரிவி பார்க்க இந்த இணைப்பு போதும். இரண்டு கமெரா வைத்து ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் அனுப்பப் போதாது. ஃபைபர் வந்தால், 2025 செப்டம்பரில் 100/20 பிளானை 500/50 ஆக உயர்த்தினார்களே, அது கிடைக்கும். முதல் எண் கீழே இறக்கும் வேகம், இரண்டாவது மேலே அனுப்பும் வேகம். அப்லோட் 50. வேகமான பிளான் எடுத்தால் இழை இழுக்க வழமையாகத் தனிக் காசும் இல்லை.

சிவா: 7க்கும் 50க்கும் இடையில் என்ன கேள்வி? போடுங்கள்.

தர்ஷினி: அப்பா, ஆனால் வயர்லெஸ் என்றாலே கூடாது என்று எழுத வேண்டாம். நான் இருக்கிற ஊருக்கு இழை வராது. கூரையில் அன்டெனா, கோபுரத்தைப் பார்த்தபடி. அதில்தான் என் நோயாளிகளைச் சிட்னி வைத்தியர்களுக்கு வீடியோவில் காட்டுகிறேன். இன்னும் உள்ளே போனால் பண்ணைகளுக்கு ஸ்கை மஸ்டர் செய்மதிதான். 36,000 கிலோமீற்றர் மேலே போய் வர வேண்டும், ஒரு வார்த்தை கேட்டால் பதிலுக்கு அரை நொடிக்கு மேல் பொறுக்க வேண்டும். ஆனாலும் இழையும் கோபுரமும் எட்டாத அவர்களுக்கு அது பெரிய உதவி.

ரவி: சரியாகச் சொன்னாய் மகள். நான் ஒருநாளும் மறுக்கவில்லை. 2009 ஏப்ரலில் அப்போதைய பிரதமர் கெவின் ரட் நாடு முழுவதற்குமான இந்த இணையத் திட்டத்தை, என்பிஎன்னை, அறிவித்தபோதே அப்படித்தான் பிரித்தார்கள். பெரும்பாலான வீடுகளுக்கு ஃபைபர், பிறகு அதை 93 வீதம் என்று வைத்தார்கள். தூரத்து வீடுகளுக்கு வயர்லெஸ், செய்மதி. 43 பில்லியன் டொலர் வரை என்றார்கள். இழை போக முடியாத இடத்துக்கு அலை. அது நியாயமான பிரிப்பு. 2010 தேர்தலுக்குப் பிறகு டோனி வின்ட்சர், கிராமத்துச் சுயேச்சை உறுப்பினர், ஒரு தடவை செய்யுங்கள், ஒழுங்காகச் செய்யுங்கள், ஃபைபரில் செய்யுங்கள் என்றார். அப்பாவும் நானும் ரிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா கை தட்டினார்.

சாந்தி: ஓம், எனக்கும் ஞாபகம்.

ரவி: 2013இல் அரசு மாறியது. கெதியாக, மலிவாக முடிக்கலாம் என்று பாதி வழியில் செப்புக் கம்பியையே வைத்துக்கொண்டார்கள். 2020இல் அதே அரசே திரும்ப ஃபைபருக்குக் காசு ஒதுக்கியது. 2025 ஜனவரியில் மிச்சம் இருக்கிற 622,000 நோட் வீடுகளுக்கென்று இந்த அரசு 3 பில்லியன் டொலர் வரை தருவதாகச் சொன்னது. ஒரே தெருவுக்கு இரண்டு தடவை ஆள் அனுப்பியிருக்கிறோம். எனக்கு அதுதான் மனவருத்தம். கண்ணாடி இழை ஒரு தடவை போட்டால், வேகம் கூட்ட இரண்டு முனையிலும் பெட்டியை மாற்றினால் போதும். தெருவைத் திரும்பத் தோண்டத் தேவையில்லை. உங்கள் 5ஜி கோபுரங்கள் பலவற்றின் காலடியிலும் ஃபைபர்தான் ஓடுகிறது.

பத்மா: இதைத்தான் அந்தச் செய்தி மறுக்கிறது.

ரவி: அந்தச் செய்தியில் உண்மை ஒரு துளிதான். ஃபைபர் வந்த இடத்தில் செப்பை நிறுத்துகிறார்கள். கம்பியை எல்லாம் விட்டு அலைக்குப் போகவில்லை. உங்கள் லண்டனிலும் பழைய லேண்ட்லைன் 2027 ஜனவரியோடு முடிகிறதே, உங்கள் வீட்டையும் பாருங்கள்.

பத்மா: ஐயோ, அப்படியா? என்னுடைய மாடிப் போன்?

சாந்தி: அம்மாவிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வயர் போடுகிறவர்கள் அப்பாவின் கறிவேப்பிலை மரத்தைத் தொடக்கூடாது. தொட்டால் நான் வாசலில் இருந்து எழும்ப மாட்டேன்."

சிவா: மரம் எங்கே நிற்கிறது?

சாந்தி: மதிலுக்கும் விறாந்தைக்கும் நடுவில். டெலிபோன் வயர் அதற்குக் கீழேதான் போகிறது.

ரவி: பயப்படத் தேவையில்லை. பழைய கம்பி போகிற குழாய் நன்றாக இருந்தால் அதே குழாய்க்குள் இழையை இழுத்துவிடுவார்கள். குழாய் அடைத்திருந்தால்தான் தோண்டல். வேர் உள்ளே போயிருக்குமா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

மயூரன்: நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன், மாமா. மூடியைத் திறந்து படம் அனுப்புகிறேன்.

ரவி: அதில் கை வைக்காதே, பார்த்தால் மட்டும் போதும். படம் போதும்.

தர்ஷினி: சாந்தி மாமி, அப்பம்மாவின் அவசர பென்டன்ட், கழுத்தில் போட்டு உதவிக்கு அழுத்தும் அந்தப் பொத்தான், எதில் ஓடுகிறது? அதை யாரும் கேட்கவில்லை.

சாந்தி: 2024 ஒக்டோபரில் 3ஜி மூடும்போது புதிதாக மாற்றினோம். உள்ளே சிம் இருக்கிறது.

தர்ஷினி: அப்படியென்றால் நல்லது. கரண்ட் போனால் ஃபைபர் பெட்டியும் மோடமும் நின்றுவிடும். பழைய செப்புப் போனுக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது, அந்தக் காலம் இல்லை. அப்பம்மாவின் கட்டிலருகே சார்ஜ் ஏற்றின மொபைல் ஒன்று எப்போதும் இருக்க வேண்டும். அங்கே வயர்லெஸ்தான் காப்பாற்றும்.

ரவி: ஓம். மோடத்துக்குச் சின்ன யூபிஎஸ் ஒன்றும் வாங்குவோம். ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து.

பத்மா: அம்மாவின் நம்பர் மாறுமா? எனக்குப் பல வருடமாக மனப்பாடமாக இருக்கிற ஒரே நம்பர் அதுதான்.

ரவி: மாறாது. பழைய சேவையை நாங்களாக வெட்டக்கூடாது. நம்பரைப் புதியதற்கு மாற்றின பிறகுதான் மற்றது. போனை மோடத்தின் பின்னால் செருக வேண்டும். சாந்தி, இதைக் கம்பனியிடம் திருப்பித் திருப்பிக் கேள்.

சாந்தி: கேட்கிறேன். உழுந்துக்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

தர்ஷினி: நான் வெள்ளி இரவு வருகிறேன், ஊறப்போடுகிறேன்.

பத்மா: நெத்தலி வாங்கிவிடாதீர்கள், அன்று சைவம்.

சாந்தி: பெரியக்கா, திவசத்துக்கு நெத்தலி வாங்குவேனா?

பத்மா: அந்தியேட்டிக்கு மறுநாள் நடந்தது எனக்குத் தெரியும்.

ரவி: அதை இங்கே எடுக்க வேண்டாம்.

சிவா: மயூரன்.

மயூரன்: சொல்லுங்கள் மாமா.

சிவா: பெட்டி தூக்கினது எனக்குத் தெரியாது. நான் நிற்க வேண்டிய இடத்தில் நீ நின்றிருக்கிறாய்.

மயூரன்: பரவாயில்லை மாமா. இந்த முறை ஸ்டாண்ட் வாங்கி வைத்திருக்கிறேன். 5ஜி பெட்டியையும் கொண்டு வருகிறேன், ஃபைபர் வியாழன் சரிவராவிட்டால் அதில் ஓட்டலாம்.

ரவி: அது நல்ல யோசனை. இரண்டும் இருக்கட்டும்.

சாந்தி: அப்படியென்றால் வியாழன் ஓம் என்று சொல்லவா? காலை எனக்கு வேலை. 8 முதல் 12 வரை யார் வீட்டில் நிற்பது?

ரவி: எனக்குக் கண் வைத்தியர் 10 மணிக்கு. மாற்ற முடியுமா பார்க்கிறேன்.

மயூரன்: 10 மணிக்குப் பிறகு என்றால் என்னால் வர முடியும்.

சாந்தி: அவர்கள் 8க்கு வந்தால்?

பத்மா: அம்மா நிற்கிறார்தானே.

சாந்தி: அம்மா மரத்தடியில் கதிரை போட்டு இருப்பார். அதுதான் பயம்.

சிவா: வந்தவருடன் அம்மாவை வீடியோவில் நான் கதைக்க வைக்கிறேன். எனக்கு அப்போது புதன் மாலைதான். சின்னக்கா, குழாய்ப் படம் வந்ததும் எனக்கும் அனுப்புங்கள்.

ரவி: மருமகன், டோர்ச் எடுத்துப் போ.