தஞ்சைப் பெரிய கோயில்: அரைநாளில் கல்வெட்டுகளைப் படிக்க முடியுமா?

கேள்வி:
வணக்கம். தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற என் தந்தையாரைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அழைத்துச் செல்லவிருக்கிறேன். அவருக்கு வயது 75. முழங்கால் வலி உண்டு. எங்களுக்குக் கிடைப்பது ஓர் அரைநாள்தான். அங்குள்ள கல்வெட்டுகளைத் தம் கண்ணாலேயே படித்துவிட வேண்டும் என்பது அவரது நெடுநாள் ஆசை. எப்போது செல்வது, எங்கே தொடங்குவது? சோழர் கால ஓவியங்களையும் பார்க்க இயலுமா?

முதல் பதில்:
காலையில் நடை திறந்ததும் சென்றுவிடுங்கள். வெயில் ஏற ஏறத் தரைக்கல் சுடும். வெறுங்காலோடு முதியவர்களால் நிற்க முடியாது. நண்பகலில் சந்நிதி சாத்தப்பட்டால் மாலையில்தான் திறப்பார்கள். ஓவியங்கள் கருவறையைச் சுற்றியுள்ள உள்வழியில் இருக்கின்றன. 1931-இல் வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி அவற்றை நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் கண்டறிந்தார். அங்கே பொதுவாக எவரையும் அனுமதிப்பதில்லை என்பதால், கோயில் வளாகத்திலுள்ள தொல்லியல் துறைக் காட்சிக்கூடத்தில் அவற்றின் படங்களைப் பார்த்து நிறைவடைய வேண்டியதுதான்.

இரண்டாம் பதில்:
தங்கள் தந்தையாரின் ஆசை என் மனத்தைத் தொட்டது. விமானத்தின் அடித்தளத்திலிருந்து தொடங்குங்கள். தான் கொடுத்தவற்றையும், தன் அக்கன் குந்தவையும் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றையும் கல்லிலே வெட்டுமாறு இராசராசன் ஆணையிட்ட வாசகம் அங்கேதான் இருக்கிறது. அரசனின் கொடையோடு பிறர் கொடையையும் சேர்த்துச் சொல்லும் அந்த வரியைப் படிப்பதற்காகவே ஒருமுறை தஞ்சைக்குப் போகலாம். கோயிலில் ஆடல் பணிக்கு அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்கள் 400 பேரின் பெயர்களையும், ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் (பழைய முகத்தல் அளவை) நெல்லும் அளிக்கப்பட்டதையும் இதே கோயிலின் இன்னொரு கல்வெட்டு கூறுகிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி. பயிற்சி இல்லாதவர் அந்த எழுத்துகளைப் படிக்க முடியுமா?

இரண்டாம் பதில் எழுதியவர்:
தமிழ் நன்கு அறிந்தவருக்கு ஓரளவு பிடிபடும். ப, ட, ம போன்றவை இன்றைய வடிவத்தை நெருங்கியே இருக்கின்றன. ஆனால் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இராது, எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடும் தெரியாது, ஆகவே பொருளைக் கொண்டே ஊகிக்க வேண்டும். அச்சான கல்வெட்டுப் பாடத்தின் படியொன்றைக் கையில் கொண்டுசெல்லுங்கள். ஏறத்தாழ 216 அடி உயர விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று எவரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். காலையில் அது மேற்குப்புறத்தில் நன்றாகவே விழும். தந்தையார் அந்த நிழலில் நின்று மேற்குச் சுவரை நிதானமாகப் படிக்கலாம்.